பட்டறைக்குள் ஓர் இடம்: கட்டற்ற மென்பொருளும் கொங்கு நாட்டுப் பெண்களும்

கோவையின் தொழில் வரலாற்றைச் சொல்பவர்கள் 1888-இல் எழுந்த ஸ்டேன்ஸ் நூற்பாலையில் தொடங்குவார்கள். 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரம், அதன்பின் பெருகிய ஆலைகள், கிணற்றடியில் மாட்டின் இடத்தைப் பிடித்த பம்புசெட்டு, 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் செய்துகாட்டிய மின்மோட்டார் என்று கதை வளரும். தொழில்நுணுக்கம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படிப் போனது என்பது மட்டும் இந்த வரிசையில் விடுபட்டுப் போகும். பழுதான பம்பு பட்டறைக்கு வந்தது. அங்கே அதைக் கழற்றினார்கள், அளவெடுத்தார்கள், மரத்தில் மாதிரி செதுக்கி வார்ப்படச் சாலைக்கு அனுப்பினார்கள். நம் கிணற்றுக்கும் நம் மின்னழுத்தத்துக்கும் ஏற்றபடி ஒரு மாற்றம் செய்து மறுபடி பூட்டினார்கள். பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பையன் சில ஆண்டுகளில் தானே ஒரு கொட்டகை போட்டான். 1955-இல் பி.சபாபதி மாவரைக்கும் வெட் கிரைண்டரைச் செய்தார். பிறகு எத்தனையோ பட்டறைகள் அதைப் பார்த்து, பிரித்து, தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தன. 2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அது தனி ஒருவருக்கு உரியதாக இல்லாமல் ஊருக்கே உரியதாக இருந்ததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

கட்டற்ற மென்பொருளும் இப்படித்தான் உருவாகிறது. நிரலின் மூலம் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கும். யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பித் தரலாம். தந்ததை ஏற்கெனவே அதைப் பராமரிப்பவர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள், அல்லது குறை சொல்லித் திருப்புவார்கள். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இந்த வழியில் வளர்ந்தவை. இன்று நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் லினக்ஸ் இருக்கிறது. உலகின் சர்வர்களில் பெரும்பகுதி அதன்மேல்தான் ஓடுகிறது. நவீன உலகத்தின் இந்தப் பெரிய பட்டறைக்குள் பெண்கள் எத்தனை பேர்? 2002-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பு ஏறத்தாழ 1.1 விழுக்காடு என்றது. 2006-இல் வந்த அடுத்த ஆய்வு, கட்டற்ற மென்பொருள் சமூகங்களில் பெண்கள் 1.5 விழுக்காடு என்றும், தனியுரிமை மென்பொருள் துறையில் 28 விழுக்காடு என்றும் அருகருகே வைத்துக் காட்டியது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் எடுத்த ஆய்வில் பதிலளித்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள்.

இந்த எண்களில் நான் உங்கள் கவனத்தை வேண்டுவது 1.5-க்கும் 28-க்கும் இடையிலுள்ள தூரத்துக்கு. பெண்களுக்குக் கணினி ஒத்துவராது என்பது உண்மையானால் இரண்டு எண்களும் ஒன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். சம்பளம் தரும் மென்பொருள் வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நம் பொறியியல் வகுப்புகளில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர் மாணவியர், கணினி அறிவியல் பிரிவில் இன்னும் அதிகம். சரவணம்பட்டியிலும் டைடல் பூங்காவிலும் மாலையில் வேலை முடிந்து வெளியே வரும் கூட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் புள்ளிவிவரம் தேவையில்லை. வேலைக்கு வந்த பெண் பட்டறைக்கு வராமல் போனது ஏன் என்பதே கேள்வி. இந்தக் கேள்வி கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல என்பதுதான் இன்றைய உரையின் அடிப்படை வாதம்.

திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதிய ஆய்வு நூல் 2004-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வேளாண் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கூலியாக வந்த கவுண்டர் ஆண்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்பதை அவர் விரிவாக ஆராய்ந்தார். உழைப்பு என்ற ஒரே சொல்லால் அவர்கள் தம் வளர்ச்சியை விளக்கினார்கள். அந்த உழைப்புக்குப் பின்னால் ஓர் ஏணி இருந்தது என்பதை சாரி காட்டினார். உடன் வேலை செய்தவர், உறவினர், பங்காளி, கடனுக்கு நூல் தந்தவர் என்று ஆண்களுக்குள் கைகோத்த உறவு அது. நூலின் தலைப்பிலேயே அந்தச் சகோதரத்துவம் இருக்கிறது. 1980-களுக்குப் பிறகு ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். கைமடி, செக்கிங், பிசிறு நீக்குதல், பிறகு தையல் மெஷின் என்று அவர்களுக்கு வேலை கிடைத்தது. தொழிலாளி முதலாளியாகும் ஏணி அவர்களுக்கு விரிக்கப்படவில்லை. அவர்களும் உழைத்தார்கள். அந்த உழைப்பு யாருடைய கணக்கிலும் முதலாக ஏறவில்லை.

நூற்பாலைகளில் இது இன்னும் கடுமையான வடிவம் எடுத்தது. சுமங்கலித் திட்டம் என்று பெயரிட்டு, மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்ன முறையை இங்கே பலரும் அறிவீர்கள். மென்பொருள் நிறுவனத்தின் குளிரூட்டிய அறையை அந்த விடுதியோடு நான் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிடுவது ஆலையில் அவதிப்பட்ட பெண்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: பெண்ணின் வேலை திருமணம் வரைக்குமானது, அதற்குள் அவளிடமிருந்து பெறவேண்டியதைப் பெற்றுக்கொள்ளலாம், அவளுக்குள் நீண்டகாலத் தொழிலறிவை வளர்க்கத் தேவையில்லை. 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது பெருமைப்பட வேண்டிய எண், ஐயமில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் ஃபோர்மேன் ஆனார்கள், எத்தனை பேர் சொந்தப் பட்டறை வைத்தார்கள் என்ற கேள்வி அந்தப் பெருமையோடு சேர்ந்தே வரவேண்டும். கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். ஆட்டுக்கல்லில் கை ஓய்ந்தவர்கள் பெண்கள். மாவின் பதம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அந்த இயந்திரம் வடிவம் பெற்ற பட்டறைகளில் ஸ்பேனர் அவர்கள் கையில் இருக்கவில்லை.

மென்பொருளில் இந்த வேறுபாடு எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். நிறுவனத்தில் ஒரு பொறியாளருக்கு வேலை துண்டு துண்டாக வருகிறது. இன்ன திரையில் இன்ன பிழை, இன்ன தேதிக்குள் சரிசெய்க. முழு அமைப்பும் எப்படி நிற்கிறது, ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மூத்தவர்கள் சிலருக்கே. கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் இருபது ஆண்டுக்கால விவாதமும் பொதுவெளியில் கிடக்கிறது. ஒரு வரி ஏன் மாற்றப்பட்டது, யார் எதிர்த்தார், என்ன காரணம் சொன்னார் என்பதைக் கல்லூரி மாணவி தன் அறையிலிருந்து படிக்கலாம். முதலில் ஒரு சிறு பிழைத்திருத்தம் அனுப்புவாள். அது நிராகரிக்கப்பட்டால் காரணம் எழுத்தில் வரும். அப்படி ஓராண்டு தொடர்ந்தால் மற்றவர்களின் நிரலைச் சரிபார்க்கும் பொறுப்பு வரும், பிறகு ஒரு பகுதியைப் பராமரிக்கும் உரிமையும் வரும். பராமரிப்பாளர் என்ற அந்த இடம்தான் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் இடம். உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் கருவியின் வடிவம் அங்கே முடிவாகிறது.

கொங்கு நாட்டுப் பெண்களைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. இதைப் போதிய அளவு யாரும் பேசவில்லை என்பது என் எண்ணம். நிறுவனத்தில் ஆறாண்டு எழுதிய நிரல் நிறுவனத்தின் பூட்டிய களஞ்சியத்தில் இருக்கிறது. திருமணம், மகப்பேறு, கணவரின் இடமாற்றம், மாமியாரின் நோய் என்று ஏதோ ஒன்றுக்காக வேலையை விடும் பெண் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, தன் திறமைக்குச் சான்றாக அவளிடம் ஓர் அனுபவச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். நான்கு ஆண்டு கழித்து நேர்காணலுக்குப் போனால் இடைவெளியைப் பற்றித்தான் கேட்பார்கள். பொதுக் களஞ்சியத்தில் செய்த பங்களிப்பு அவள் பெயரோடும் தேதியோடும் அங்கேயே நிற்கும். வேலையை விட்ட காலத்திலும், வாரம் மூன்று மணிநேரம் கிடைத்தாலும், அதை அவள் தொடரலாம். ஊர் மாறினாலும் அது கூடவே வரும். ஆணுக்கும் இது நன்மைதான், ஆனால் தொழில்வாழ்வு நடுவில் அறுபடும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவருக்கே இது கூடுதலாக வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, கதவு திறந்துதான் இருக்கிறது, பெண்களுக்கு ஆர்வமில்லை என்பது. இதற்கு 2006-இல் ஒரு தெளிவான சோதனை நடந்தது. லினக்ஸ் கணினிகளில் திரைமுகப்பைத் தரும் க்னோம் திட்டத்துக்கு, அந்த ஆண்டு கூகுளின் கோடைக்காலப் பயிற்சிக்காக நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை. உடனே க்னோம் அமைப்பு பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைப் பயிற்சியை அறிவித்தது. வேலை அதே வகை. அறிவிப்பு மட்டும் பெண்களை நேராக அழைத்தது. நூறு விண்ணப்பங்கள் வந்தன. ஆர்வம் அதுவரை எங்கே ஒளிந்திருந்தது? தமக்கான அழைப்பு இது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த முயற்சி 2010-இல் மீண்டும் உயிர்பெற்று, க்னோமைத் தாண்டி மற்ற திட்டங்களுக்கும் விரிந்து, 2015-இல் அவுட்ரீச்சி என்ற பெயரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பின் கீழ் வந்தது. இன்றும் ஊதியத்தோடு நடந்து வருகிறது, பெண்களோடு ஒதுக்கப்பட்ட மற்றவர்களையும் அழைக்கிறது. அதில் பயின்றவர்களில் இந்தியப் பெண்கள் கணிசமானோர். இதை முன்னின்று வளர்த்த மரீனா ஜுராகின்ஸ்கயா 2022-இல் காலமானார். கட்டற்ற மென்பொருளின் வரலாற்றில் அவர் பெயர் பெரிய நிரலாளர்களின் பெயருக்குச் சமமாக நிற்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, நிரலுக்கு ஆண் பெண் இல்லை, நன்றாக எழுதினால் ஏற்பார்கள் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதனாலேயே இதைத் தரவை வைத்துச் சோதிக்க வேண்டும். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கிட்ஹபில் லட்சக்கணக்கான புல் ரிக்வெஸ்டுகளை, அதாவது நிரலைச் சேர்த்துக்கொள்ளுமாறு அனுப்பப்படும் வேண்டுகோள்களை, ஆராய்ந்தது. மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவற்றில் 78 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கப்பட்டன, ஆண்கள் அனுப்பியவற்றில் 74 விழுக்காட்டுக்கு மேல். பெண்களின் நிரல் தரத்தில் குறைந்ததல்ல என்பதற்கு இது போதும். ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஒரு திட்டத்துக்குப் புதியவராக வரும் பெண்ணின் பெயரிலோ படத்திலோ பாலினம் தெரியாதபோது ஏறக்குறைய 72 விழுக்காடு ஏற்கப்பட்டது, தெரிந்தபோது ஏறக்குறைய 63 விழுக்காடுதான். பெண் என்று தெரியாதவரை நிரலை மட்டும் பார்த்தார்கள். தெரிந்ததும் வேறு எதையோ சேர்த்துப் பார்த்தார்கள். திறமையை மட்டுமே அளக்கிறோம் என்று நம்புகிறவர்களே இதை அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் தம் அளவுகோல் சரியா என்று அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை.

அழைப்பும் பாகுபாடும் பாதிக் காரணம் என்றால் மறுபாதி நேரம். கட்டற்ற மென்பொருளில் பெரும்பாலான வேலை, சம்பள வேலை முடிந்த பிறகு இரவிலும் விடுமுறையிலும் நடந்து வந்திருக்கிறது. அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? 2024-இல் நடந்த தேசிய நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், அதே வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. மூன்று மணிநேரத்துக்கு மேற்பட்ட இந்த வேறுபாடுதான் ஓர் ஆண் நிரலாளரின் பொழுதுபோக்கு நேரம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு, ஆண்கள் 70 விழுக்காடு என்று காட்டியது. கைப்பேசி வீட்டுக்குப் பொது என்றால் அது முதலில் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கியதன் உண்மையான பெரும்பயனை நான் இங்கேதான் காண்கிறேன். பல பெண்களுக்கு வாழ்வில் முதன்முறையாகத் தமக்கென்று ஒரு கணினி கிடைத்தது. அந்தக் கணினிகளில் தொடக்கத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கருவி வந்தது, கற்றுத்தரும் ஆள் பின்னால் வரவில்லை.

நேரத்தோடு இடமும் சேர்கிறது. தொழில்நுட்பக் கூடுகைகள் ஞாயிறு மாலையிலோ இரவு முழுவதும் நடக்கும் ஹேக்கத்தானாகவோ வைக்கப்படுகின்றன. அந்தியூரிலிருந்தோ பல்லடத்திலிருந்தோ வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்கு விடுதிக் கதவு மாலையிலேயே மூடும். மாணவனுக்கு அதே வளாகத்தில் ஆய்வகம் இரவிலும் திறந்திருக்கும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் பாகுபாடான விதிகளை வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே வெளிப்படையாகச் சொல்கிறது. இதை எத்தனை கல்லூரிகள் படித்தன? பெற்றோரின் அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். மகளைக் கோவைக்கு அனுப்பும் தாய்தந்தையர் பெரிய நம்பிக்கையோடுதான் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காக்கக் கதவைப் பூட்டுவதைவிட ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் இடையே வெளிச்சமும் வண்டியும் பொறுப்பான பணியாளரும் ஏற்பாடு செய்வதே நேர்மையான வழி. செலவு ஆகும், ஆகட்டும்.

இனி நான் மிக வலுவானதாகக் கருதும் மறுப்பு. பெண்கள் ஏற்கெனவே கூலியில்லா வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளும் பெரும்பாலும் கூலியில்லா வேலை, அதன் பலனைப் பெரிய நிறுவனங்கள் இலவசமாக எடுத்துக்கொள்கின்றன. அப்படியிருக்க, இன்னும் கொஞ்சம் இலவசமாக உழையுங்கள் என்று பெண்களை அழைப்பது எந்த வகையில் ஊக்கம்? இந்த வாதத்தின் முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் வெறும் அறிவுரையாக, வாருங்கள் பெண்களே என்று மேடையில் சொல்வதை நான் ஊக்கமாகக் கருதவில்லை. ஆனால் இந்தப் பட்டறைக்கு வெளியே நிற்பதால் அந்தச் சுரண்டல் குறைவதில்லை. லினக்ஸ் கருவுக்கு எழுதுபவர்களில் பெரும்பான்மையோர் இன்று ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில்தான் எழுதுகிறார்கள். அந்தச் சம்பளம், முதலில் சம்பளமில்லாமல் பெயர் சம்பாதித்தவர்களுக்குப் போகிறது. ஆக, முதல் சில மாதங்களுக்கு யார் தாங்கிப்பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வசதியுள்ள ஆணுக்குக் குடும்பம் தாங்கிப்பிடிக்கிறது. பெண்ணுக்கு அதை நிறுவனமோ கல்லூரியோ அறக்கட்டளையோ செய்யவேண்டும். அவுட்ரீச்சி மூன்று மாதத்துக்கு 7,000 டாலர் தருவதன் தத்துவம் இதுவே.

மொழியும் ஒரு வாசல். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அந்த நாட்களில்தான் தமிழ்நாட்டு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது. எழுத்துக் குறியாக்கம் ஒன்றானது, ஆனால் அந்த எழுத்தில் தொழில்நுட்பம் கற்க நூல்கள் வேண்டுமே. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் அந்த வேலையைக் கையிலெடுத்தது. அதில் து.நித்யா எளிய தமிழில் மைஎஸ்கியூஎல், குனு/லினக்ஸ், எச்.டி.எம்.எல்., செலினியம், இயந்திர வழிக் கற்றல் என்று வரிசையாக எழுதி, யாரும் படிக்கவும் பகிரவும் உரிமை தந்து வெளியிட்டார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் பெருந்துறையிலோ சத்தியமங்கலத்திலோ பொறியியல் சேரும் பெண்ணுக்கு அந்த நூல்கள் எவ்வளவு பெரிய துணை என்பதை ஆங்கிலவழியில் படித்தவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். ஒரு பெண் எழுதிய தொழில்நுட்ப நூல் என்பதால் மட்டும் அவற்றைக் குறிப்பிடவில்லை. தமிழில் இந்தத் துறைக்கு அடிக்கல் போட்டவர்களில் ஒருவர் என்பதால் குறிப்பிடுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மொழிபெயர்ப்பு, ஆவணமாக்கம், கூடுகை ஏற்பாடு ஆகியவை கட்டற்ற மென்பொருளுக்கு உயிர்நாடியான வேலைகள். அவையில்லாமல் எந்தத் திட்டமும் நாலு பேரைத் தாண்டாது. ஆனால் நிரல் எழுதுவது ஆண்களுக்கு, இவை பெண்களுக்கு என்ற பிரிவினை சத்தமில்லாமல் உருவாகும். பனியன் கம்பெனியில் கட்டிங் மேசை ஒருபக்கமும் கைமடி மறுபக்கமும் பிரிந்ததைப் போல. இதற்கு இரண்டு காரியங்கள் செய்யலாம். நிரலுக்குத் தரும் அதே பெயரையும் உரிமையையும் ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் தரவேண்டும். அவற்றின் வழியாக உள்ளே வந்த பெண்ணுக்கு அடுத்த கட்டமாக நிரலைத் தொடச் சொல்லித்தரும் மூத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆவணம் எழுதுகிறவர்தான் மென்பொருளின் குழப்பங்களை முதலில் காண்கிறார், அவரிடம் நிரலைத் திருத்தும் சாவியும் இருந்தால் மென்பொருளே மேம்படும்.

பெண்களுக்கென்று தனிக்குழு வைப்பது பிரித்து வைப்பதாகாதா என்றும் கேட்கிறார்கள். 1999-இல் தொடங்கிய லினக்ஸ்சிக்ஸ், 2004-இல் தொடங்கிய டெபியன் விமன், 2011-இல் தொடங்கிய பைலேடிஸ் ஆகியவற்றின் நோக்கம் பெண்களைத் தனியே நிறுத்துவதன்று. கேள்வி கேட்டால் கேலி வராது என்ற உறுதியுள்ள ஓரிடத்தில் கற்று, பிறகு பெருங்குழுவுக்குள் போவதே அவற்றின் வழி. வெல் ஹென்சன் 2002-இல் லினக்ஸ் உலகில் பெண்களை ஊக்குவிப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார். பெண்களின் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்கி நாமே தட்டிக் காட்டாமல் வாயால் சொல்லிக் கொடுங்கள் என்ற அளவுக்கு எளிய நடத்தை விதிகள் அதில் இருந்தன. அவற்றை இன்றும் நம் கல்லூரி ஆய்வகங்களில் எழுதி ஒட்டலாம். பெருங்குழுக்களும் மாறியிருக்கின்றன. வசைமொழிக்குப் பேர்போன லினக்ஸ் கருச் சமூகமே 2018-இல் நடத்தை நெறியை ஏற்றது. தனியிடம் என்பது நமக்கும் புதிதல்ல, மகளிர் கல்லூரிகளின் நீண்ட மரபுள்ள ஊர் கோவை. நிர்மலா கல்லூரி 1948 முதல், அவினாசிலிங்கம் நிறுவனம் 1957 முதல், கிருஷ்ணம்மாள் கல்லூரி 1963 முதல் நடக்கின்றன. தனியிடம் தந்த வலிமையை எடுத்துக்கொண்டு பொதுவெளிக்குப் போவது எப்படி என்பது இந்த ஊருக்குத் தெரிந்த பாடம்.

செய்யவேண்டியது என்ன என்று கேட்டால், முதலில் கல்லூரிகளைத்தான் பார்ப்பேன். இறுதியாண்டுத் திட்டப்பணி என்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அறிக்கைகள் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் தூங்குகின்றன. அதற்குப் பதிலாக, இயங்கிவரும் ஒரு கட்டற்ற மென்பொருளில் ஏற்கப்பட்ட பங்களிப்பை மதிப்பெண்ணுக்குரியதாக்கலாம். அப்போது அந்த வேலை பகலில், கல்லூரி நேரத்தில், கல்லூரி இணையத்தில் நடக்கும், வீட்டு நேரத்தில் கைவைக்க வேண்டியிருக்காது. தமிழ்நாட்டு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் கல்லூரிதோறும் போகிறது, அதற்குள்ளேயே இதைச் சேர்க்கலாம். எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் கேரள வளாகத்தில் ஒரு மாணவர் கட்டற்ற மென்பொருள் குழு பல்லாண்டுகளாகத் தொடர்ந்து இயங்கி, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுத்தரும் முறையால் மாணவியர் உட்படப் பலரைப் பன்னாட்டுப் பயிற்சிகளுக்கு அனுப்பியிருக்கிறது. அதன் சிறப்பு தொடர்ச்சி. ஒரு நாள் விழா, ஒரு நாள் சான்றிதழ் என்பதால் யாரும் பராமரிப்பாளர் ஆவதில்லை.

நிறுவனங்களிடம் கேட்பது வேறு. பல வேலை ஒப்பந்தங்கள், ஊழியர் வேலை நேரத்துக்கு வெளியே எழுதும் நிரலையும் நிறுவனத்துக்கே உரியதாக்குகின்றன, அல்லது அனுமதி கேட்கச் சொல்கின்றன. துணிச்சலாகப் பேசி அனுமதி வாங்குபவர் வாங்கிவிடுவார், தயங்குபவர் விட்டுவிடுவார். யார் அதிகம் தயங்கப் பழக்கப்பட்டவர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த விதியை நீக்கி, வாரத்தில் அரை நாளைக் கட்டற்ற மென்பொருளுக்கென்று அலுவலக நேரத்திலேயே ஒதுக்கலாம். நிறுவனமே நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளுக்குத்தானே அந்த அரை நாள் போகிறது?

கடைசியாக அறக்கட்டளைகள். 1926-இல் பி.எஸ்.ஜி. குடும்பத்தினர் தம் சொத்தில் ஒரு பங்கைப் பிரித்து அறநிலையம் அமைத்தார்கள். பஞ்சில் வந்த பணம் பட்டறையாகவும் தொழிற்கல்வியாகவும் மாறியது. ஜி.டி.நாயுடுவின் கொடையும் ஊக்கமும் 1945-இல் அரசுப் பொறியியல் கல்லூரி உருவாகத் துணைநின்றன. அந்த மரபில் வந்த அறக்கட்டளைகள் கொங்கு நாட்டில் இன்றும் ஏராளம். அவற்றில் ஒன்று, மாதம் 20,000 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்குப் பத்துப் பெண்களுக்கு உதவித்தொகை தந்தால் ஆண்டுக்கு 6 லட்சம் ஆகும். அவர்களுக்கு வழிகாட்டும் பராமரிப்பாளர்களுக்கும் மதிப்பூதியம் தரவேண்டும், அதற்கு இன்னும் 2 லட்சம் வைத்துக்கொள்வோம். பத்தில் பாதி இடங்களைப் படிப்பை முடித்து வேலையை விட்டு வீட்டிலிருக்கும் பெண்களுக்கு ஒதுக்கலாம், ஏனென்றால் வளாகத்துக்கு வெளியே அவர்களைத் தேடிப்போகும் திட்டங்கள் அரிது. தேர்வுக்கு மதிப்பெண் பட்டியல் கேட்க வேண்டாம், ஏற்கப்பட்ட ஒரே ஒரு பிழைத்திருத்தம் போதும். அதை எப்படி அனுப்புவது என்று தமிழில் கற்றுத்தரும் இரண்டு வார வகுப்பையும் பகல் பத்து மணி முதல் இரண்டு மணிக்குள், பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், குழந்தையை அழைத்துவரலாம் என்ற அறிவிப்போடு நடத்தலாம். இந்த அவையில் அறங்காவலர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு வரி எழுதுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.